மயானமும் அதன் பதிவேடும்

(ஆரணி வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதுவது)

ஏரியின் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், பள்ளியில் எத்தனை பிள்ளைகள், தெருவிளக்கு எத்தனை என்று வினவினால் பஞ்சாயத்து அங்கத்தினர் எவரும் தயங்காமல் விடை கூறுவர். ஊர் மயானம் எத்தனை செண்ட், அதன் நான்கெல்லைகள் யாவை, அங்கே எவர் எவ்விடத்தில் அடக்கம் செய்யப்பெற்றுள்ளார் என்று வினவினாலோ, பெரும்பாலான ஊர்களில் ஒரே விடைதான் கிடைக்கும்: “அது வெட்டியானுக்குத் தெரியும்.”

வெட்டியான் என்று ஊர் அழைத்து வந்த அந்த மயானப் பணியாளர் ஒருவருடைய நினைவே நம் கிராமங்களில் பதிவேடாக இருந்து வந்திருக்கிறது. அவர் வேப்பமரத்தையும் கள்ளிப் புதரையும் அடையாளம் வைத்து, மூன்று தலைமுறையின் குழிகளைச் சொல்லிவிடுவார். அவர் காலமானவுடன் அப்பதிவேடும் அவரோடு போய்விடுகிறது.

இதனால் நேரும் இடர் யாதென்பதற்கு எம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறலாம். ஊரின் பெயர் வேண்டுவதில்லை. பட்டுத்தறி நெய்யும் குடும்பத்தைச் சார்ந்த ஒருவர் பெங்களூருவில் வேலை பார்ப்பவர். ஐந்தாண்டுகளுக்குப் பின்னர் மாசி அமாவாசையில் ஊர் வந்து, தந்தையின் குழிக்குப் படையல் இடச் சென்றார். அவ்விடத்தில் வேறொரு குடும்பத்தார் புதிதாக ஒரு சமாதி கட்டிச் சுண்ணாம்பும் அடித்திருந்தனர். மயானப் பணியாளர் இரண்டாண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார். அவர் மகனுக்கு இடம் தெரியவில்லை. அடையாளமாயிருந்த வேம்பு புயற்காற்றில் சாய்ந்து, விறகாகவும் போயிற்று. ஒரு குடும்பம் “எங்கள் தந்தையின்மேல் கட்டிவிட்டீர்கள்” என்றது. மற்றது “வெற்றிடத்தில்தான் புதைத்தோம்” என்றது. இரண்டும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள துன்பம். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் மும்முறை கூடிற்று. முடிவில் புதிய சமாதியை அடுத்து முந்தியவருக்கு ஒரு பெயர்க்கல் நட இசைந்தனர். ஆயினும் அக்கல் நிற்குமிடம் சரியான இடமா என்பதை இனி எவரும் சொல்ல இயலாது. ஒரு குயர் நோட்டுப் புத்தகம் இருந்திருப்பின் அவ்விரு குடும்பங்களும் இன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும்.

மயானம் எவருக்கு உரியது?

தந்தையைப் புதைத்த இடம் தமக்குச் சொந்தமென்று பலரும் கருதுகின்றனர். கருத்து இயல்பானதே, சட்டம் அவ்வாறில்லை. பொது மயானத்தில் குழி தோண்டுவதால் எவருக்கும் நிலவுரிமை பிறவாது. அதற்குப் பட்டாவும் இல்லை, கிரயப் பத்திரமும் இல்லை.

ஆரணியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் நெடுங்காலம் ஜாகீராக இருந்தமை யாவரும் அறிந்ததே. 1948ஆம் ஆண்டில் நிறைவேறிய எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், எஸ்டேட்டுகளில் அடங்கிய பொது நிலங்களையும் புறம்போக்குகளையும் அரசுக்கு உரியனவாக்கிற்று. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு, மேய்ச்சல் நிலம், களம், இடுகாடு, சுடுகாடு, வண்டிப்பேட்டை, தோப்பு முதலிய புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 110ஆம் பிரிவு மயானங்களை அமைப்பதையும் பராமரிப்பதையும் ஊராட்சியின் கடமையென்கிறது. 1999ஆம் ஆண்டில் வந்த இடுகாடு, சுடுகாடு பற்றிய விதிகள், மயானங்களைக் குறித்த புத்தகமும் அவற்றின் வரைபடமும் ஊராட்சி அலுவலகத்தில் இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றன. குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள், உரிமம் பெற்ற இடத்திலன்றிப் பிற இடத்தில் அடக்கம் செய்தலையும் தடுக்கின்றன. ஆகவே பதிவேடு வைப்பது யாம் புதிதாகக் கூறும் யோசனையன்று. ஏட்டில் உள்ள கடமை, நடைமுறையில் விடுபட்டிருக்கிறது.

பள்ளிவாசலைச் சார்ந்த கபரஸ்தான் வக்ஃபு சொத்தாக இருக்கலாம். கிறித்தவக் கல்லறைத் தோட்டம் திருச்சபைக்குச் சொந்தமாக இருக்கலாம். அவற்றின் நிர்வாகம் அவ்வவ் அமைப்பினுடையது. பஞ்சாயத்தார் அங்கே கைவைக்க வேண்டுவதில்லை.

அப்படியாயின் குடும்பத்தாருக்கு உரிமையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு; அது நிலத்தின்மேல் உள்ள உரிமையன்று. தம்மவர் உடல் கிடக்கும் இடம் கலைக்கப்படாதிருக்கவும், அங்கே சென்று வணங்கவும், ஊர் வழக்கம் இடந்தரின் அக்குழியிலேயே தம் வீட்டார் அடுத்தவரை அடக்கம் செய்யவும் உள்ள உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 301ஆம் பிரிவு, பிறர் மனம் புண்படும் என்று அறிந்தே புதைகாட்டில் அத்துமீறுதலைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறைத் தண்டனை கூறுகிறது. ஆயினும் குழி யாருடையது என்று காட்ட எழுத்து இல்லையேல், வழக்கும் நில்லாது. உரிமையும் வாய்ச்சொல்லாகவே கிடக்கும்.

சிமெண்டுச் சமாதியின் கணக்கு

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று. மயானம் 40 செண்ட் என்று வைத்துக்கொள்வோம். செண்டுக்கு 435.6 சதுர அடியாக, மொத்தம் 17,424 சதுர அடி. பாதை, மரம், காத்திருப்போர் கொட்டகை, எரிமேடை ஆகியவற்றுக்கு மூன்றிலொரு பங்கு நீக்கினால், எஞ்சுவது 11,616. ஒரு குழிக்கு இடைவெளியையும் சேர்த்து 9 அடி நீளம், 5 அடி அகலம், அதாவது 45 சதுர அடி கொடுத்தால் 258 இடங்கள் கிடைக்கும். நம் மாநிலத்தில் ஆண்டொன்றில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 6 பேர் மரிக்கின்றனர். ஊரில் 2,000 பேர் இருந்து, அனைவரும் புதைக்கும் வழக்கமுடையோராயின், ஆண்டுக்கு 12 குழிகள். மயானம் 21 ஆண்டுகளில் ஒரு சுற்று நிரம்பும். பின்னர் பழைய குழிகளுக்கே திரும்ப வேண்டும். முன்னோர் காலத்தில் அவ்வாறுதான் நடந்து வந்தது. மண்ணில் இட்டது மண்ணாயிற்று, இடம் மீண்டது.

இப்போது நால்வரில் ஒருவருக்குச் சிமெண்டுச் சமாதி எழும்புகிறது என்று கொள்வோம். முதற் சுற்றின் முடிவில் 64 இடங்கள் நிரந்தரமாக நீங்கிவிடும். இரண்டாம் சுற்று 194 இடங்களோடு தொடங்கி 16 ஆண்டுகளில் முடியும். மூன்றாவது 12 ஆண்டுகளில். ஊர் பெருகினால் இன்னும் விரைவு. கட்டுவோர் வசதியுள்ளோர்; இடமின்றித் தவிப்போர் கூலி வேலை செய்வோர். ஊர்ப்பொதுவான நிலத்தில் ஒருவர் காங்கிரீட் இடும்போது, பின்னர் இறக்கப்போகும் வேறொருவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறார் என்பதை அவரிடம் மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுவது பஞ்சாயத்துத் தலைவரின் கடன். துக்க வீட்டில் அதனைச் சொல்லலாகாது. முன்னதாகவே கிராம சபையில் தீர்மானமாக இயற்றிவிட்டால், துக்க நாளில் எவரும் எவருக்கும் எதுவும் சொல்ல நேராது. தலைமாட்டில் ஓரடி அகலத்தில் ஒரு பெயர்க்கல் நட அனுமதிக்கலாம். அதற்குமேல் கட்டடம் கூடாது. இதுவே எம் கருத்து. முன்னரே கட்டப்பட்டவற்றை இடிக்கப் புறப்படுவது வீண் பகையை வளர்க்கும். அவற்றை உள்ளபடி எண்ணிட்டு எழுதிக்கொள்வதே போதும்.

சென்னைக் கீழ்ப்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இடம் நிரம்பியதால், குடும்பக் கல்லறைகளையே மீண்டும் திறந்து அடக்கம் செய்யும் முறை வந்தது. எந்தக் கல்லறையை எந்தக் குடும்பம் திறக்கலாம் என்பதை அங்கே பதிவேடுதான் தீர்மானிக்கிறது. நம் கிராமங்களில் குழியை மறுபடி பயன்படுத்த எத்தனை ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதை, மண்ணின் தன்மையையும் நீர்மட்டத்தையும் அறிந்த சுகாதார ஆய்வாளரைக் கலந்து கிராம சபை முடிவு செய்யலாம். எத்தனை ஆண்டாயினும், குழி தோண்டிய நாள் எழுதப்பட்டிருந்தாலொழிய அம்முடிவுக்குப் பொருளில்லை.

கல் தேயும், ஏடு நிற்கும்

பழமையான கல்லறைகள் உள்ள இடங்களில் வேறொரு கவலை உண்டு. ஆரணி 1751லும் 1782லும் போர் கண்ட ஊர். இங்கே கோட்டைப் பகுதியில், 1790இல் மறைந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுத்தூண் இருக்கிறது. நம் ஊர்ச் சிறுவர்க்கு அது விளையாடுமிடம். அவரைப் பற்றிப் பற்பல கதைகள் வழங்குகின்றன; கதையிலிருந்து உண்மையைப் பிரித்தறிய உதவுவது எழுத்தே. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்பார் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் மழையிலும் வெயிலிலும் தேய்ந்துபோன கற்கள் பல. அவற்றின் வாசகம் அந்நூலில் இருக்கிறது. அக்காலத் திருச்சபையார் அடக்கப் பதிவேட்டின் படியை ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பினர். இங்குள்ள மூலம் செல்லரித்தாலும் அங்குள்ள படியைக் கொண்டு இன்றும் தேடுகின்றனர். வெள்ளைக்காரர் பெருமையை உரைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அதே காலத்தில் இதே மண்ணில் மாண்ட சிப்பாய்களுக்கும், தறிநெய்த நம் முன்னோருக்கும் ஒரு வரியும் எழுதப்படவில்லையே என்பதுதான் கருத்து.

இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரரின் கல்லறைகள் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஊர்தோறும் சிதறிக் கிடந்தன. அவற்றுள் நிரந்தரப் பராமரிப்புக்கு வழியில்லாதவற்றை ஓரிடத்தில் சேர்க்க, 1952இல் சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் அமைத்தனர். 800க்கு மேற்பட்ட கல்லறைகள். பிரிவு, வரிசை, எண் என்று ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு. படைத்தலைவருக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் கல்லின் அளவு ஒன்றே. நாம் பின்பற்றத்தக்கவை அந்த முகவரி முறையும் அந்தச் சம அளவுமாம். புல்வெளியும் பூஞ்செடியும் நம் நிதிக்கு எட்டாதவை. அவை இல்லாவிடில் குற்றமில்லை.

பதிவேடு செய்யும் முறை

முதலில் நிலத்தை உறுதி செய்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டில் மயானம் எந்தச் சர்வே எண்ணில், எத்தனை பரப்பில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பார்க்க. அப்பதிவேட்டின் விவரத்தை இன்று இணைய வழியாகவும் காணலாம். நில அளவரைக் கொண்டு புலப்படத்தின்படி எல்லைக்கற்களைத் தேடுக. கற்களுள் ஒன்றிரண்டு காணாமற் போயிருக்கும். அது அடுத்த வயலின் வரப்புக்குள் இருக்குமென்று தேடுவது பெரும்பாலும் வீண்போகாது. ஆக்கிரமிப்பு இருப்பின் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வட்டாட்சியருக்கு எழுதுக. அங்கத்தினர் தாமே கடப்பாரையுடன் புறப்பட வேண்டா.

‘அ’ பதிவேட்டில் மயானமே காணப்படாத ஊர்களும் உள. ஓடைப் புறம்போக்கிலோ ஏரிக்கரையிலோ தலைமுறைகளாகப் புதைத்து வருவர். ஏட்டில் அது மயானமன்று. ஆதிதிராவிட மக்களின் இடுகாடுகளே இவ்வாறு விடுபட்டிருப்பதை யாம் மிகுதியாகக் கண்டிருக்கிறோம். ஏட்டில் இல்லாத மயானத்துக்குச் சுற்றுச்சுவரும் வாராது, குடிநீரும் வாராது. நாளை வேறொரு காரியத்துக்கு அந்நிலத்தை ஒதுக்கினால் தடுக்கவும் வழியில்லை. ஆகவே வகைப்பாட்டு மாற்றம் கோரிக் கிராம சபைத் தீர்மானத்துடன் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிப்பதை முதல் வேலையாகக் கொள்க. ஓர் ஊரில் மூன்று மயானங்கள் இருப்பினும் பதிவேடு ஒன்றே, பத்திகளும் ஒன்றே. சாதி வேறுபாடின்றி ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் முன்மாதிரிச் சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையை அரசு 2021இல் அறிவித்தது. மூன்றையும் ஒன்றாக்க ஊர் இன்று இசையாவிட்டாலும், ஏட்டிலாவது ஒன்றாக வைப்பதற்குத் தடையில்லை.

அடுத்து வரைபடம். நெசவூரார்க்கு இதனை விளக்குவது எளிது. பாவும் ஊடையும்போல, கிழக்கு மேற்காக வரிசைகள், வடக்கு தெற்காக எண்கள். நான்காம் வரிசை ஏழாம் இடம் என்றால் அது ஓர் இடந்தான். பழைய குழிகள் கோணல்மாணலாகவே இருக்கும். அவற்றை நிமிர்த்த இயலாது. அவை எந்தக் கட்டத்தில் விழுகின்றனவோ அந்த எண்ணைக் கொடுக்க. புதிய குழிகளை மட்டும் வரிசையில் தோண்டுக. சேலைக் கரையின் பூவேலையைக் கட்டத்தாளில் வரைந்து அட்டை அடிக்கக் கொடுக்கும் டிசைன்காரர் ஆரணியில் எத்தனையோ பேர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரிடம் அளவு நாடாவையும் கட்டத்தாளையும் கொடுத்தால், ஒரு கட்டத்துக்கு ஓரடி வீதம் இரண்டு நாளில் மயானத்தைத் தாளில் இறக்கிவிடுவார். பெரும் செலவில் வெளியாரை அமர்த்த வேண்டுவதில்லை.

பதிவேட்டில் எழுத வேண்டுவன: வரிசையும் எண்ணும், இறந்தவர் பெயர், தந்தை அல்லது தாய் பெயர், வயது, இறந்த நாள், அடக்க நாள், இறப்புப் பதிவு எண், பொறுப்பேற்கும் உறவினர் பெயர், குழி எடுத்தவர் பெயர், கல் உண்டா இல்லையா என்பது. பெண்களை “இன்னார் மனைவி” என்று மட்டும் எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு எழுதுக. பச்சிளங் குழந்தைகளையும், ஊர் பேர் தெரியாத வழிப்போக்கரையும் விட்டுவிடலாகாது. பழைய குழிக்குச் சொல்பவர் ஒருவரேயாயின் “சொன்னவர் இன்னார்” என்று குறிக்க. இருவர் மாறுபடச் சொன்னால் இரண்டையும் எழுதுக. பஞ்சாயத்து அங்கே நீதிபதியன்று.

இறப்புப் பதிவு எண்ணைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மயானத்தின் பொறுப்பாளரும் இறப்பை அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. கிராமத்தில் 21 நாளுக்குள் இறப்பைப் பதியாமல் விட்டுவிடுவோர் பலர். ஓராண்டு கழிந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். தந்தை பெயரிலுள்ள பட்டாவை மாற்றச் செல்லும் விவசாயியும், விதவை உதவித்தொகைக்கு மனுச் செய்யும் பெண்ணும் அப்போதுதான் சான்று தேடி அலைவர். அடக்கம் செய்த நாள் ஊராட்சியின் ஏட்டில் இருக்குமாயின் அதுவே அவர்களுக்கு ஒரு துணைச் சான்று.

பதிவேட்டை மூன்று படிகளாக வைக்க: ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடம், ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் நீங்கியபோது, அவர்தம் வீட்டுப் பெட்டிகளில் இருந்த காகிதங்கள் எத்தனை ஊர்களில் அடுப்புக்குப் போயின என்பதை முதியோர் அறிவர்.

பாதை

மயானம் இருந்தும் வழியில்லாவிடில் பயனில்லை. 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்தில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், பாலாற்றங்கரைக்குச் செல்லும் வழியிலிருந்த பட்டா நிலத்தாரின் தடையால், ஆதிதிராவிடர் ஒருவரின் உடலைப் பாலத்தின்மேலிருந்து கயிறு கட்டி இறக்கினர். செய்தி நாடெங்கும் பரவிற்று. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. மாவட்ட நிர்வாகம் மயானத்துக்கு வேறிடம் ஒதுக்கிற்று. அது நமக்குத் தொலைவான ஊரன்று. அங்கு நேர்ந்ததற்குச் சாதியே வேர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பாதை ஏட்டில் ஏறியிருந்தால் தடுப்பவரின் கை அவ்வளவு நீண்டிராது. ஆகவே புலப்படத்தில் மயானப் பாதை குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க. வரப்பின்மேல் நடந்து செல்வது வழக்கமாயிருந்து, நிலத்தார் நல்லெண்ணத்தால் விட்டு வந்தாரெனில், அவர் உயிரோடிருக்கும்போதே ஊராட்சியின் பெயருக்குத் தானப்பத்திரம் பெறுக, அல்லது விலை கொடுத்து வாங்குக. அவருக்குப் பின் நிலத்தை வாங்குபவர் வெளியூராராக இருக்கக்கூடும்.

எப்போது தொடங்குவது?

நம் பகுதியில் மகா சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் மயானக் கொள்ளை நடைபெறுகிறது. அன்று வெளியூர் சென்றவர்களும் திரும்பி வந்து, தத்தம் முன்னோர் குழியைச் செதுக்கிப் பூவிட்டுப் படைக்கின்றனர். ஆண்டில் அந்த ஒரு நாள், ஒவ்வொரு குழியின் அருகிலும் அதற்குரியவர் தாமே நிற்கிறார். வரைபடத்தையும் பென்சிலையும் கொண்டு நான்கு பேர் வரிசைக்கொருவராகச் சென்றால், ஒரு மாதம் வீடு வீடாக விசாரித்தும் கிட்டாத விவரம் பொழுது சாய்வதற்குள் கிட்டும். படையல் முடியும்வரை காத்திருந்து கேட்க வேண்டும். மயானப் பணியாளரை உடன் அழைத்துச் சென்று, அந்நாட்கூலியை ஊராட்சி கொடுத்துவிட வேண்டும். அவர் சொல்வதே பாதி ஏட்டை நிரப்பும்.

இதற்கு முன்னதாகத் தை மாதத்தில் முட்புதர் நீக்கி, எல்லைக்கல் பார்த்து, கட்டத்தாள் வரைபடத்தை முடித்துக்கொள்க. மாசியில் பெயர்களைச் சேர்த்த பின்னர், பங்குனி முழுவதும் ஏட்டை ஊராட்சி அலுவலகத்தில் யாவரும் பார்க்குமாறு வைத்துத் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளலாம். மே 1ஆம் நாள் கிராம சபையில் அதனைப் படித்து ஒப்புதல் பெற்றபின், மூன்றாம் படியை எம் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க. வரைபடம் போடக் கட்டத்தாளும் மாதிரிப் பத்திகள் வரைந்த தாளும் வேண்டுவோர், தலைவர் கையொப்பமிட்ட கடிதத்துடன் விரிவாக்க அலுவலரிடம் பெற்றுக்கொள்ளலாம்.